பின் சக்கரத்தின் இடமும் வலமும்

…அதுவும் ஒரு வசதிதான், பிரேக் ஆயிலைத் திறந்துவிடுகிற இந்த நிப்பிள் இவ்வளவு கீழே இருப்பது, சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தபடியே ஸ்பேனரைப் போட்டுவிடலாம், மேலே துழாவிக் கழுத்தைத் திருகிக்கொள்ள வேண்டியதில்லை, ஐம்பத்தொரு வயதுக் கழுத்துக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்… நிப்பிளில் ஒரு முனை, பாட்டிலில் மறுமுனை, நடுவில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், அதில் ஆயிலோடு வரும் காற்றுக் குமிழ்களை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், குமிழ் நின்றுவிட்டால் காற்று எடுத்தாகிவிட்டது, பிரேக் தயார். ஆனால் இது தனி ஆள் வேலை இல்லை, ஒருவர் பெடலை அமுக்க வேண்டும், ஒருவர் கீழே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அதனால்தான் மேலே, டிரைவர் சீட்டில், என் மனைவி. செருப்பை ஷெட் தரையிலேயே கழற்றி விட்டுவிட்டு ஏறினாள், யாரோ ஒருத்தர் வீட்டுக்குள் நுழைகிறமாதிரி. இந்த சீட்டில் அவள் உட்கார்ந்து ஒன்பது வருடம். நான் "அமுக்கு" என்கிறேன், அவள் "அமுக்கிட்டேன்" என்கிறாள், "பிடிச்சுக்கோ" என்று சொல்லிக் கால்வாசிச் சுற்று திறக்கிறேன், ஆயில் வருகிறது, மூடுகிறேன், "விடு" என்கிறேன். இதைத் தவிர இருபது நிமிடமாக நாங்கள் வேறொன்றும் பேசவில்லை. பேச வேண்டியது ஒன்று இருக்கிறது, வியாழக்கிழமையிலிருந்து தொண்டையில் நிற்கிறது, இந்த நாலு வார்த்தைக்கு நடுவில் அதை எங்கே செருகுவது…

இந்த வண்டியைப் பற்றிச் சொன்னால் பீற்றிக்கொள்வதுபோல் இருக்கும், இருக்கட்டும். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டே விநாடியில் தொடும் என்று விளம்பரம் போட்டு விற்ற வண்டி, இன்றைக்கு ஓடவிட்டாலும் ஒன்பதில் தொடும். ஓடுவதற்கு அவ்வளவு யோசித்தவர்கள் நிற்பதற்கு யோசிக்கவில்லை, முன் சக்கரத்துக்கு டிஸ்க் கொடுத்துவிட்டுப் பின்னால் டிரம்மோடு கையைக் கழுவிவிட்டார்கள். டிரம் என்பது மூடின சட்டி, உள்ளே இரண்டு ஷூ விரிந்து சட்டியின் சுவரைப் பிடிக்கும், உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே ஒரு துப்பும் கிடைக்காது. டிஸ்க் அப்படியில்லை, திறந்த தட்டு, இரண்டு பக்கமும் பேட் வந்து கவ்வும், எல்லாம் கண்ணுக்கு முன்னால். அவளுக்கு வேலையில் மாற்றல் வந்தது, ரத்த வங்கியின் பெரிய லேப், ஊரின் அந்தக் கோடி, நாளைக்கு இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும், இரண்டு பஸ் மாறி அதற்கப்புறம் இருபது நிமிடம் நடை. சாப்பிடும்போது நான்தான் ஆரம்பித்தேன், கர்ணன் பரம்பரையில் வந்தவன்மாதிரி, "வண்டியை எடுத்துக்கோ, பின்னாடி டிரம்மைத் தூக்கிட்டு டிஸ்க் போட்டுத் தர்றேன், அப்புறம் உனக்குப் பயமே வராது." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பயம் வண்டி மேல இல்லங்க, என் கால் மேல" என்றாள். அன்றைக்கு அந்தப் பதிலைச் சிரித்துக் கடந்துவிட்டேன். கால் மேல என்ன பயம், கால் என்ன பண்ணும் பாவம்…

"அமுக்கு." "அமுக்கிட்டேன்." நான் மெக்கானிக் இல்லை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், இருபத்தாறு வருடமாக லென்ஸ் தீட்டி பிரேமில் உட்காரவைக்கிற கை இது, ஒரு மில்லிமீட்டரில் பாதி தவறினால் போட்டவருக்குத் தலைவலி வரும், ஒருவருக்கும் வந்ததில்லை. அந்தத் திமிர்தான், வண்டியையும் வேறொருவரைத் தொடவிடமாட்டேன். பேட்டைத் தட்டின்மேல் கவ்வவைக்கிற காலிப்பரைப் பின் அச்சில் மாட்டுவதற்கு ஒரு தாங்கி கடைந்து வாங்கப் போனபோது லேத்துக்காரர்கூடக் கிண்டலடித்தார், "என்ன கண்ணாடிக்காரரே, மூக்குல மாட்டினது போதும்னு சக்கரத்துல மாட்ட வந்துட்டீங்களா." மாட்டினேன், நன்றாகவே மாட்டினேன். டிரம்முக்கென்று ஆயில் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு இருக்கும், அதை எடுக்காமல் விட்டால் பேட் தட்டை உரசிக்கொண்டே கிடக்கும், மறக்காமல் எடுத்தேன். பின் சக்கரம் முந்திக்கொண்டு பிடித்தால் வண்டி வாலைச் சுழற்றிவிடும், அதற்கு அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு ஒன்று வாங்கிக் குறுக்கே போட்டேன். எல்லாம் சரி. இடறியது இதையெல்லாம் மாட்டுவதற்கு முன்னால், அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பழைய டிரம்மைத் தட்டிக் கழற்றினபோது. "விடு."

வலது பக்க டிரம், துருப்பிடித்து வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினேன், பொத்தென்று கையில் வந்தது, உள்ளே ஷூக்கள் சுவரிலிருந்து நகம் நுழைகிற தூரத்தில் ஒடுங்கிக்கொண்டு நின்றன. ஏன் இவ்வளவு தள்ளி நிற்கின்றன? ஷூ தேய்ந்திருக்கவில்லை, ஒன்பது வருடத்துக்கு முன் நானே புதிதாகப் போட்டவை, போட்ட பத்தாவது நாள் வண்டி மதிலில் மோதி இந்த ஷெட்டுக்கு வந்துவிட்டது, அதற்கப்புறம் ரோட்டுக்கே போகவில்லை, முன்பக்கத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தேன், பின்பக்கம் யார் பார்த்தார்கள். இரண்டு ஷூவுக்கும் நடுவில் அட்ஜஸ்டர் என்று ஒரு திருகு உண்டு, விரல் நீளம், நடுவில் பற்சக்கரம். வண்டியைப் பின்னால் எடுத்துப் பிரேக் போடும்போதெல்லாம் அது ஒரு பல் சுற்றி, நீண்டு, ஷூவைச் சுவருக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டே வரும். இடது சக்கரத்து அட்ஜஸ்டருக்கு மரை ஒரு பக்கம், வலது சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம். துணியால் துடைத்தேன். வலது சக்கரத்திலிருந்து எடுத்த அட்ஜஸ்டரில் எல் என்று பொறித்திருந்தது, எல் என்றால் லெப்ட், இடது. சரி, கண் மங்கல் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன், கடைக்காரனுக்கே இந்த நிலைமை, மறுபடியும் எல். ஓடிப்போய் இடது டிரம்மைக் கழற்றினேன், அதில் ஆர். மாற்றிப் போட்டிருக்கிறேன். மாற்றிப் போட்டால் அது நீளாது, சுருங்கும். எங்கள் வீட்டுச் சந்து வண்டி திரும்ப இடமில்லாத சந்து, தினமும் காலையில் பின்பக்கமாகவே போய் முனையில் பிரேக் போட்டுத் திரும்ப வேண்டும். தினமும் ஒரு பல். பத்து நாள். எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு பொறுப்பாக, நானே அவள் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன்…

எப்படி மாறியது என்பதற்கு ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் எதிரில் வந்து உட்காருகிறவரின் வலது கண் என் இடது கைப்பக்கம், அவர் இடது கண் என் வலது கைப்பக்கம், இருபத்தாறு வருடமாக நாளைக்கு முப்பது முகம், கை தானாகவே மாற்றிக்கொள்ளும், நினைக்கவே வேண்டாம். ஆனால் வண்டியின் பின்னால் நிற்கும்போது வண்டி என் முகத்தைப் பார்ப்பதில்லை, இரண்டு பேரும் ஒரே திசையைத்தான் பார்க்கிறோம், என் இடது அதன் இடது. இது மூளைக்குத் தெரியும், கைக்கு யார் சொல்வது. கை வழக்கம்போல மாற்றிவிட்டது.

மதிலில் மோதின அன்றைக்கு நான் வண்டியில் இல்லை. அவளும் அவள் தங்கையும்தான். தங்கைக்கு அப்போது நிச்சயமாகியிருந்தது, துணி எடுக்கப் போனார்கள், அச்சாபீஸ் சரிவில் இறங்கி, முனையில் திரும்பாமல் நேரே அச்சாபீஸ் மதிலில். தங்கைக்கு முன்பல் இரண்டு போய்விட்டன, தாடை எலும்பு விரிசல் விட்டது, இன்றைக்கும் சிரித்தால் வாய்க்கு முன்னால் கை வந்துவிடுகிறது, கல்யாண ஆல்பம் முழுக்க உதடு மூடினபடியேதான். நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் இவளை நிற்கவைத்துக் கேட்டேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, போலீஸ்காரன் தோற்றான். மூன்று தடவையும் வார்த்தை மாறாமல் சொன்னாள், "ரோட்ல ஈ காக்கா இல்லங்க, நான் நேரா பார்த்துட்டுதான் ஓட்டினேன், அமுக்கினேன், கீழ போச்சு, திரும்ப அமுக்கினேன், பிடிச்சுது, அதுக்குள்ள மதில் வந்துடுச்சு." தங்கை செல்போனில் குனிந்திருந்தாளாம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் என்ன சொன்னேன்? ஞாபகம் இல்லையென்று சொல்ல ஆசைதான். "போன வாரம்தான் நான் ஷூ மாத்தினேன், பிரேக் புதுசு, நீ லேட்டா அமுக்கியிருக்கே" என்றேன். கத்தவில்லை, நிதானமாக, லென்ஸ் பவர் எழுதிக் கொடுக்கிற குரலில். அவள் அப்பா அங்கேயே நின்றிருந்தார், அவர் கேட்டுக்கொண்டார், அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு குடும்பத்திலும் அது தீர்ப்பாகிவிட்டது, அவ லேட்டா அமுக்கிட்டா. என்னைவிட நன்றாக ஓட்டுகிறவள், மழையில் அந்த வண்டியை மலைப்பாதையில் ஓட்டியவள், மறுநாளிலிருந்து பஸ்.

இன்னொன்றும் இருக்கிறது, வியாழக்கிழமைக்கு அப்புறம்தான் அது மேலே வந்தது, அட்ஜஸ்டரைவிட மோசம். அந்தப் பத்து நாளும் நானும் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். கடைசி நாலைந்து நாள் என் கால் பெடலை இரண்டு தடவை அமுக்கிக்கொண்டிருந்தது. முதல் அமுக்கு அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடும், இரண்டாவதில்தான் பிடிக்கும், கால் அதை என்னைக் கேட்காமலேயே கற்றுக்கொண்டுவிட்டது, நானும் பேசாமல் விட்டுவிட்டேன். சாவியை அவளிடம் கொடுக்கும்போது, "ரெண்டு தடவை அமுக்கு" என்று சொல்லியிருந்தால் போதும். தெரிந்திருந்ததா, தெரியாமல் இருந்ததா? கால் அறிந்தது எனக்குத் தெரிந்த கணக்கில் வருமா? நேற்று பழைய இரும்புக்காரர் வந்தார், டிரம், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் சாக்கில் அள்ளிப் போட்டேன், அட்ஜஸ்டர் இரண்டையும் மட்டும் போடக் கை வரவில்லை, கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் கூடு ஒன்றில் வைத்து மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். போட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது. சரித்திரம் அத்தோடு முடிந்திருக்கும், நான் கர்ணனாகவே மிஞ்சியிருப்பேன்.

"அமுக்கு." மறுபடியும், "அமுக்கும்மா." மேலிருந்து அவள் குரல், மெதுவாக, "கீழ போகுதுங்க" என்றது. அதே வார்த்தை, ஆஸ்பத்திரி நடைபாதையில் கேட்ட அதே சொல், ஒன்பது வருடம் கழித்து… அப்போதாவது எனக்கு புத்தி வந்திருக்க வேண்டாமா? வாய் என்ன சொன்னது தெரியுமா, "நாற்பது தடவை ஆயில் எடுத்தாச்சு, எப்படிக் கீழ போகும், நீ பாதியிலயே விட்டுடறே, ஒழுங்கா அமுக்கு." சொல்லி முடித்தபிறகுதான் காதில் விழுந்தது. அதே நிதானம், அதே குரல். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. "சரிங்க, நான்தான் சரியா அமுக்கலை போல" என்று சொல்லிவிட்டு சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளிக்கொண்டாள், தடக்கென்று சத்தம் கேட்டது, இன்னும் பலமாக அமுக்கினாள், வண்டியே ஸ்டாண்டின் மேல் லேசாக ஆடியது. "இப்பவும் கீழதான் போகுது, என் கால்லதான் ஏதோ இருக்கு" என்றாள்.

படுத்தபடியே குழாயைப் பார்த்தேன். குமிழ் இல்லை, சுத்தமான ஆயில். காற்று வரவில்லை, ஆனால் பெடல் சொல்கிறது காற்று உள்ளே இருக்கிறதென்று. அப்படியானால் எங்கே இருக்கிறது? காற்று எப்போதும் மேலேதானே ஏறும், காலிப்பரின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால்தானே நிப்பிளை உச்சியில் வைப்பார்கள்… உச்சியில். இது ஏன் என் மூக்குக்கு நேரே, கீழே இருக்கிறது? உருண்டுபோய் அந்தப் பக்கச் சக்கரத்தைப் பார்த்தேன், அங்கேயும் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது காலிப்பர் இடதிலும் இடது வலதிலும். இரண்டாம் கையில் வாங்கினவை, பெயிண்ட் அடிக்கும்போது எழுத்தெல்லாம் மூடிவிட்டது, வண்டியின் பின்னால் நின்றுகொண்டு கைபோன போக்கில் பிரித்து வைத்தேன், கைப்பிரேக் கேபிள்கூட முறுக்கிக்கொண்டு வந்தது, பழைய கேபிள் அப்படித்தான் என்று அடக்கிப் போட்டேன். வியாழக்கிழமை கண்டுபிடித்த தப்பைச் சனிக்கிழமை அப்படியே மறுபடியும் செய்திருக்கிறேன், அதன்மேல் படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வசதி வசதி என்று மெச்சிக்கொண்டிருக்கிறேன், அவளை ஒழுங்காக அமுக்கச் சொல்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை, வெட்கம், முகத்தைத் துடைக்கிற சாக்கில் துணியால் மூடிக்கொண்டு கொஞ்சநேரம் கிடந்தேன்.

எழுந்து கதவுப் பக்கம் போனேன். அவள் இன்னமும் பெடலை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள், நான் விடச் சொல்லவில்லை அல்லவா. "விடும்மா, உன் கால்ல ஒண்ணும் இல்ல, காலிப்பரை நான் பக்கம் மாத்திப் போட்டுட்டேன், எத்தனை தடவை அமுக்கினாலும் பிடிக்காது" என்றேன். இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது, பாதி உண்மைக்கே இவ்வளவு லேசாக இருக்கிறதே… கூட்டைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். "இதையும் மாத்திப் போட்டிருந்தேன். அன்னைக்கு. நீ லேட்டா அமுக்கலை, வண்டில பிரேக் இல்ல. நீ சொன்னது அத்தனையும் சரி." ஒரே மூச்சில் சொன்னேன். அந்தக் கடைசி நாலைந்து நாள் என் கால் இரண்டு தடவை அமுக்கியதையும் சொன்னேன்.

அவள் அட்ஜஸ்டரை எடுத்துப் பற்சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தாள். எல் எழுத்தைத் தடவினாள். "எங்க லேப்ல ரெண்டு குப்பிக்கு லேபிள் மாறினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றாள், கோபமா கிண்டலா என்று பிடிபடவில்லை. நான் எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன், அழுகைக்கு, கன்னத்தில் ஓர் அறைக்கு, அப்பாவிடம் போய் இதைச் சொல்லுங்கள் என்பதற்கு, ஒன்பது வருடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பதற்கு. அவள் கூட்டை மூடி என் கையிலேயே கொடுத்தாள். "நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. இதுவும் ஒரு காரணமா இருக்கும். ஆனா நான் அந்தக் குடையைப் பார்த்துட்டு இருந்துட்டேன்ல."

"எந்தக் குடை?"

"அதாங்க, அச்சாபீஸ் வாசல்ல ஒரு அம்மா நீலக் குடை பிடிச்சுட்டு நின்னாங்களே. அதுல ஒரு கம்பி வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, யார் கண்லயாவது குத்திடப் போகுதேன்னு பார்த்தேன். அதுலதான் ஒரு செகண்ட் போச்சு, அதான் லேட்."

அச்சாபீஸ் வாசலில் அன்றைக்கு யாரும் இல்லை. ஈ காக்கா இல்லையென்று மூன்று தடவை சொன்னவள் இவள்தான், கேட்டவன் நான்தான், அந்த வார்த்தைகள் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன. நான் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்புவதற்காக, எப்போது என்று தெரியாது, இந்த ஒன்பது வருடத்தில் ஏதோ ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறாள், கையில் குடை கொடுத்திருக்கிறாள், நிறம்கூடத் தீட்டியிருக்கிறாள். "அப்படி யாரும் இல்லம்மா" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கதான் வண்டியில இல்லையே" என்றாள், சண்டைக்கு இல்லை, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, பிறகு கம்பி எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருந்தது என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினாள்.